ஒரு சின்னக் குறியும் ஐந்து சாட்சிகளும்

‘>’ என்னும் குறியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 7 > 5 என்று எழுதினால், ஐந்தைவிட ஏழு பெரியது என்று பொருள். இதே குறி மேனாட்டு இசையை எழுதும் தாள்களிலும் வருகிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் வேறு. ஒரு சுரத்தின் தலைக்கு மேலோ அடியிலோ அது சிறியதாக நின்றால், ‘இந்தச் சுரத்தை மட்டும் அழுத்தி வாசி’ என்று அர்த்தம். இதனை அழுத்தக் குறி என்போம். அதே குறி நீண்டு, நான்கைந்து சுரங்களின் மேல் படுத்துக் கிடந்தால், ‘ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போ’ என்று அர்த்தம். இதனைத் தேய்வுக் குறி என்போம்.

இரண்டுக்கும் வடிவம் ஒன்றே, நீளம்தான் வேறு. அப்படியானால் உங்கள் மனத்தில் உடனே ஒரு கேள்வி எழ வேண்டும். குறி மிகச் சிறியதாகவும் இல்லாமல், மிக நீளமாகவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அதை எப்படிப் படிப்பது?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. போலந்து நாட்டில் 1810 இல் பிறந்து, பாரிஸ் நகரில் வாழ்ந்து, 1849 இல் மறைந்த ஷோப்பான் என்னும் மாபெரும் பியானோ இசைஞரின் கையெழுத்தில் இப்படிப்பட்ட நடுத்தரக் குறிகள் ஏராளமாக உள்ளன. இசை ஆய்வாளர்கள் அவற்றை ‘நீள் அழுத்தக் குறி’ என்று அழைக்கிறார்கள். அவர் இறந்து நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவரிடம் போய்க் கேட்க முடியாது. எஞ்சியிருப்பவை காகிதங்கள் மட்டுமே. அந்தக் காகிதங்களை ஓர் ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளைச் சோதிப்பதைப் போலவே சோதிக்கலாம். எப்படி என்று காண்போம்.

குறி மாறினால் என்ன குடி முழுகும்?

முதலில், இதில் ஏன் இவ்வளவு கவலை என்று தெரிந்துகொள்வோம். அடுத்தடுத்து நான்கு சுரங்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். முதல் சுரத்தில் தொடங்கி ஒரு ‘>’ போடப்பட்டிருக்கிறது. வாசிப்பவர் அதை அழுத்தக் குறி என்று எடுத்துக்கொண்டால், முதல் சுரம் ஓங்கி ஒலிக்கும். மற்ற மூன்றும் பழைய அளவிலேயே ஒலிக்கும். ஒலியின் வலிமையை எண்களால் குறித்தால் 3, 2, 2, 2 என்று சொல்லலாம். தேய்வுக் குறி என்று எடுத்துக்கொண்டால் முதல் சுரத்துக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை, 2, 1.7, 1.4, 1.1 என்று ஒலி இறங்கிக்கொண்டே போகும். முன்னதில் ஒரு மனிதன் ஒரு சொல்லை அழுத்திச் சொல்கிறான். பின்னதில் பேச்சை முடித்துக்கொண்டு மெல்ல விலகிப் போகிறான். ஒரே மெட்டு, இரண்டு உணர்ச்சிகள். இசைஞர் எதை விரும்பினார் என்பது தெரியாவிட்டால், நாம் கேட்பது அவருடைய இசையா, அச்சுக்காரருடைய இசையா?

ஒரு கட்டுக் காகிதத்தின் பயணம்

ஷோப்பானின் 24 பிரெலூடுகளை எடுத்துக்கொள்வோம். இவை சிறு சிறு பியானோ உருப்படிகள். அவருடைய படைப்பு வரிசையில் எண் 28 பெற்றவை. 1838 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவுக்குச் சென்றார். அங்கே வால்டெமோசா என்ற ஊரின் பழைய மடம் ஒன்றில் தங்கி இந்தத் தொகுப்பை முடித்தார். 1839 ஜனவரியில் கையெழுத்துப் படியைப் பாரிஸிலிருந்த தம் நண்பர் ஜூலியான் ஃபோன்டானாவுக்கு அனுப்பிவைத்தார். அதைப் பார்த்து ஒரு நகல் எடுக்கவேண்டும். நகலை ஜெர்மானியப் பதிப்பாளரின் முகவரிடம் தரவேண்டும். மூலத்தைப் பாரிஸிலேயே அச்சுக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

இரண்டு இடங்களில் அச்சிடுவானேன்? அக்காலத்தில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான பதிப்புரிமைச் சட்டம் கிடையாது. அத்தகைய பெர்ன் உடன்படிக்கை 1886 இல்தான் பிறந்தது. பாரிஸில் மட்டும் அச்சிட்டால், லைப்சிக்கிலோ லண்டனிலோ உள்ள எவரும் அதைக் காசு கொடாமல் மறு அச்சிட்டு விற்கலாம். ஆகவே மூன்று நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிடுவது ஷோப்பானின் வழக்கம். பிரெலூடுகளை 1839 இல் பாரிஸில் கத்தலான், லைப்சிக்கில் பிரைட்கோஃப்–ஹெர்டெல், லண்டனில் வெஸ்ஸல் ஆகிய நிறுவனங்கள் வெளியிட்டன.

இப்போது நம்மிடம் ஐந்து சாட்சிகள். ஷோப்பானின் கையெழுத்துப் படி ஒன்று. இது இன்று வார்சாவில் போலந்து தேசிய நூலகத்தில் உள்ளது. ஃபோன்டானாவின் நகல் இரண்டாவது. பாரிஸ், லைப்சிக், லண்டன் பதிப்புகள் மற்ற மூன்று.

இவற்றின் வமிசாவளியை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு மரமாக வரைந்துகொள்ளுங்கள். மேலே கையெழுத்துப் படி. அதிலிருந்து இரண்டு கிளைகள். ஒரு கிளையில் பாரிஸ் பதிப்பு. பாரிஸ் பதிப்பைப் பார்த்துச் செய்யப்பட்டது லண்டன் பதிப்பு. மறு கிளையில் ஃபோன்டானாவின் நகல். அந்த நகலைப் பார்த்துச் செய்யப்பட்டது லைப்சிக் பதிப்பு. இந்தச் சிறு மரம்தான் நம் ஆராய்ச்சிக்குச் சாவி.

தகட்டில் செதுக்கிய இசை

அக்காலத்தில் இசையை எப்படி அச்சிட்டார்கள்? வெள்ளீயமும் ஈயமும் கலந்த மென்மையான உலோகத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். ஐந்து பற்கள் கொண்ட ஒரு கருவியை அதன்மேல் இழுத்து ஐந்து கோடுகளைக் கீறுவார்கள். சுரத் தலைகள், எழுத்துகள் போன்ற எப்போதும் ஒரே அளவில் வரும் உருவங்களுக்கு எஃகு முத்திரைகள் உண்டு. அவற்றைத் தகட்டில் வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். வளைகோடுகள், தேய்வுக் குறிகள் போன்று நீளம் மாறக்கூடியவற்றைக் கூர்மையான உளியால் கையாலேயே செதுக்குவார்கள். இவ்வளவையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றிச் செய்ய வேண்டும்!

செதுக்குபவரின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். எதிரே உள்ள தாளில் ஒரு நடுத்தர ‘>’ இருக்கிறது. சிறிய அழுத்தக் குறிக்கும் நீண்ட தேய்வுக் குறிக்கும் உங்களுக்கு வழக்கம் உண்டு. நடுத்தரத்துக்கு வழக்கம் இல்லை. பொழுது போகிறது, தகடுகள் காத்திருக்கின்றன. ‘இது சின்னதுதான்’ என்று ஒரு குறுகிய குறியைப் போடுவீர்கள். அல்லது ‘இது நீளம்தான்’ என்று இன்னும் சற்று இழுத்துவிடுவீர்கள். ஒருவரும் தவறு செய்ய நினைக்கவில்லை. ஆனால் நடுவில் இருந்தது காணாமல் போய்விட்டது.

சுத்தியல் சொல்லும் சாட்சியம்

சாட்சிகளை விசாரிப்பதற்கு முன், இன்னொருவரையும் அழைப்போம். அவர் பெயர் இயற்பியல்!

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே நெம்புகோல்களின் மூலம் கம்பளி ஒட்டிய ஒரு சிறு சுத்தியல் மேலெழுந்து கம்பியைத் தாக்குகிறது. கட்டை இறங்கும் வேகத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு வேகத்தில் சுத்தியல் எழும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது நெம்புகோலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. கடைசிச் சிறு தூரத்தை, எறிந்த கல்லைப்போல் தானாகவே கடக்கிறது. கம்பியைத் தொட்டு மீள ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான் ஆகிறது.

இதன் பொருள் என்ன? தட்டிய பிறகு அந்தச் சுரத்தின் வலிமையை வாசிப்பவர் கூட்ட முடியாது. விரலை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. உங்கள் பள்ளிக்கூட மணியை நினைத்துப் பாருங்கள். அடித்தது அடித்ததுதான், பிறகு ஒலி தேய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆர்மோனியத்தில் துருத்தியை அழுத்தி, ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தையே பெருக்கலாம், குறைக்கலாம். வயலினில் வில்லால் அதைச் செய்யலாம். பியானோவில் முடியாது. வாசிப்பவரின் கையில் இருப்பது தாக்கும் கணத்தில் சுத்தியலின் வேகம் ஒன்றே. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதோடு, வேகமாக மோதும்போது சுத்தியலின் கம்பளி இறுகிக் கடினமாகிறது. மேற்சுரங்கள் அதிகம் பிறக்கின்றன. அழுத்தி வாசித்த சுரம் வெறுமனே உரத்து ஒலிப்பதோடு நில்லாமல் பளிச்சென்றும் ஒலிப்பது இதனால்தான்.

தட்டிய சுரம் தேயும் விதமும் சுவையானது. முதலில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் அது தேய்கிறது. ஒரு சுரத்துக்குரிய இரண்டு மூன்று கம்பிகள் பாலத்தின் வழியாக ஒன்றையொன்று பாதிப்பதால் இது நேர்கிறது என்று காப்ரியேல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் 1977 இல் விளக்கினார். ஷோப்பான் காலத்துப் பியானோக்களில் கம்பிகளின் இழுவிசை குறைவு. ஒலி இன்றைய பியானோவைவிட விரைவாக மறைந்தது.

ஆகவே பியானோவில் ஒலிக்கும் ஒவ்வொரு சுரமும் தானாகவே ஒரு தேய்வுதான். ஒற்றைச் சுரம் ஒன்றின் மேல், ‘இதைத் தேய்த்துக்கொண்டு போ’ என்று எழுதுவது, மேலே எறிந்த கல்லைப் பார்த்து ‘கீழே விழு’ என்று கட்டளையிடுவது போன்றது. எனவே துணைக்கு வேறு சுரங்கள் ஒலிக்காமல் தனித்து நிற்கும் ஒரு பியானோச் சுரத்தின் மேல் ‘>’ இருந்தால், அது எவ்வளவு நீண்டிருந்தாலும், அழுத்தக் குறியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு மை அடையாளத்தின் பொருளை நெம்புகோலும் கம்பியும் நமக்குச் சொல்கின்றன!

தலைகளை எண்ணாதீர்கள்

இனிச் சாட்சிகளுக்கு வருவோம். ஓரிடத்தில் பாரிஸ் பதிப்பிலும் லண்டன் பதிப்பிலும் தேய்வுக் குறி. லைப்சிக்கில் அழுத்தக் குறி என்று கொள்வோம். ‘இரண்டுக்கு ஒன்று, தேய்வே சரி’ என்று தீர்ப்பளிக்கலாமா?

கூடாது. நீங்கள் வரைந்த மரத்தைப் பாருங்கள். லண்டன் பதிப்பு பாரிஸ் பதிப்பின் குழந்தை. தாயின் பிழையைக் குழந்தையும் சொல்கிறது. பரீட்சையில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியவனின் விடை, அந்த விடை சரி என்பதற்கு இரண்டாவது சான்று ஆகுமா? இங்கு உண்மையில் நிலைமை ஒன்றுக்கு ஒன்று.

கணக்கிட்டும் பார்க்கலாம். ஒருவர் குறிப்பிட்ட ஒரு குறியைத் தவறாகப் படிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தொடர்பில்லாத இருவர் அதே தவறைச் செய்யும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஆனால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினால், இருவரிடமும் தவறு இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்குக் குறையாது. ஒப்புதலுக்கு மதிப்புத் தருவது எண்ணிக்கை அன்று, சுதந்திரம்.

இதே மரம் பிழை நுழைந்த இடத்தையும் காட்டிக்கொடுக்கும். மூலத்தில் குறி நீளம், ஃபோன்டானாவின் நகலிலும் லைப்சிக்கிலும் குட்டை என்றால், மாற்றம் ஃபோன்டானாவின் மேசையில் நடந்தது. நகலிலும் நீளமாக இருந்து லைப்சிக்கில் மட்டும் குட்டை என்றால், அது செதுக்கியவரின் கைவேலை. லண்டன் பதிப்பில் மட்டும் தனியாக ஒரு குறி முளைத்திருந்தால், அதற்கு ஷோப்பானின் பெயரைச் சூட்ட முடியாது.

சுழிப் பிழையும் தற்செயல் பிழையும்

திருகு அளவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் சுழிப் பிழை இருந்தால் எல்லா அளவுகளும் ஒரே பக்கமாகத் தவறும். அது தெரிந்துவிட்டால் கவலையில்லை; திருத்திக்கொள்ளலாம். கை நடுக்கத்தால் வரும் தற்செயல் பிழையோ இப்படியும் போகும், அப்படியும் போகும்.

நகல் எடுப்பவர்களிடமும் இவ்விரண்டும் உண்டு. ஷோப்பானின் நீள் அழுத்தக் குறிகளைப் பல இடங்களில் ஃபோன்டானா குட்டையான குறிகளாக எழுதிவிட்டார். இது அவருடைய கையின் சுழிப் பிழை. மூலமும் நகலும் கிடைக்கும் படைப்புகளில் இந்தப் பழக்கத்தை அறிந்துகொண்டால், மூலம் தொலைந்து நகலோ அதிலிருந்து வந்த பதிப்போ மட்டும் எஞ்சியிருக்கும் வேறு படைப்புகளில், ‘இவர் கையில் குட்டையாக இருப்பது மூலத்தில் நீண்டிருந்திருக்கலாம்’ என்று நாம் எச்சரிக்கையாக இருக்கலாம். மூலம் கைவசம் இருக்கும்போதும் மற்றப் படிகளை ஏன் அலசவேண்டும் என்ற கேள்விக்கு இது ஒரு விடை.

இன்னொரு விடையும் உண்டு. எல்லா வேறுபாடும் பிழை ஆகாது. அச்சாகும்போது, சோதனைத் தாளில் இசைஞரே தம் மனத்தை மாற்றிக்கொள்வது உண்டு. பாரிஸில் இருக்கும்போது ஷோப்பான் பிரெஞ்சுப் பதிப்புகளின் சோதனைத் தாள்களைத் திருத்தியிருக்கிறார். திருத்தம் வந்தால், தகட்டைப் பின்பக்கம் தட்டிச் சமமாக்கி அதே இடத்தில் மீண்டும் செதுக்குவார்கள். அந்தத் தழும்பு சில சமயம் அச்சிலும் மங்கலாகத் தெரியும். கவனக்குறைவு பெரும்பாலும் குறிகளை விழுங்கும். திருத்தம் புதிய குறிகளைச் சேர்க்கும். ஆனால் பிரெலூடுகள் வெளிவந்த 1839 இல் ஷோப்பான் பாரிஸுக்குத் திரும்பியது அக்டோபர் மாதத்தில்தான். ஆகவே இந்தத் தொகுப்பில் மூலத்துக்கும் பாரிஸ் பதிப்புக்கும் வேறுபாடு தெரிந்தால், ‘இசைஞரே திருத்தினார்’ என்று சொல்லத் தயங்க வேண்டும். பார்த்தீர்களா, ஒருவர் ஊரில் இருந்தாரா இல்லையா என்பதும் சான்றாகிவிடுகிறது!

அவருடைய மாணவர்கள் பயன்படுத்திய அச்சுப் பிரதிகளும் உண்டு. பாடம் நடக்கும்போது அவர் பென்சிலால் செய்த திருத்தங்கள் அவற்றில் உள்ளன. ஜேன் ஸ்டர்லிங் என்ற மாணவியின் தொகுதிகள் பாரிஸில் பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் அலசி, யான் எக்கியர் என்ற போலந்து அறிஞரின் தலைமையில் உருவான ஷோப்பான் தேசியப் பதிப்பு 2010 இல் நிறைவடைந்தது. அதில் நீள் அழுத்தக் குறி தனி அளவில் அச்சிடப்பட்டிருக்கிறது. செதுக்குபவர்கள் தொலைத்த நடுவழி திரும்பக் கிடைத்துவிட்டது.

இயற்பியலின் எல்லை

இயற்பியல் ஆசிரியன் ஆகையால், என் சாட்சிக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டக்கூடாது. பிரெலூடுகளில் நான்காவதில் வலக்கை ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்க, இடக்கை சுரக் கூட்டங்களைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். இத்தகைய அமைப்பில் வலக்கைச் சுரத்துக்கு அருகே உள்ள ‘>’ இடக்கைக்குத் தேய்வைச் சொல்லலாம். அதற்கு இயற்பியலில் தடை எதுவும் இல்லை. தனிச் சுரத்துக்குச் சொன்ன வாதம் இங்கே செல்லாது.

பியானோவைவிட்டு வெளியே வந்தால் வாதம் இன்னும் பலவீனமாகிறது. 1828 இல் மறைந்த ஷூபர்ட் என்னும் இசைஞரும் அழுத்தக் குறிகளை நீளமாக எழுதும் பழக்கம் உள்ளவர். 1839 இல், அதாவது பிரெலூடுகள் அச்சான அதே ஆண்டில், அவருடைய பெரிய ‘சி மேஜர்’ சிம்பனி லைப்சிக் நகரில் முதன்முதலாக மேடையேறியது. அதன் கடைசிச் சுரத்தின் மேல் உள்ள ‘>’ அழுத்தமா, தேய்வா என்பது நெடுங்கால வழக்கு. முழு வாத்தியக் குழுவும் இடிபோல் முழங்கி நிற்கவேண்டுமா, மெல்ல அடங்கவேண்டுமா? வயலின்களும் ஊதுகுழல்களும் ஒரே சுரத்தைத் தேய்த்துக்காட்ட வல்லவை. எனவே அங்கே இயற்பியல் வாய் திறக்க முடியாது. கையெழுத்தின் பழக்கம்தான் பேசவேண்டும்.

செய்து பாருங்கள்

இந்த ஆராய்ச்சிக்குப் பியானோ தேவையில்லை. கோடில்லாத ஒரு தாளில் இருபது ‘>’ குறிகளை வரையுங்கள். மிகச் சிறியது 4 மில்லிமீட்டர், மிகப் பெரியது 20 மில்லிமீட்டர். மற்றவை இடையில் பலவாறு இருக்கட்டும். முதல் நண்பன் அளவுகோல் இன்றி, கண்ணால் பார்த்து நகல் எடுக்கட்டும். இரண்டாம் நண்பன் அந்த நகலைப் பார்த்து எழுதட்டும். மூன்றாம் நண்பன் உங்கள் மூலத்தைப் பார்த்து எழுதட்டும். பிறகு நான்கு தாள்களிலும் உள்ள குறிகளின் நீளத்தை அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள்.

ஒவ்வொருவரின் கையிலும் சுழிப் பிழை உண்டா? முதல் நண்பனின் தவறுகள் இரண்டாம் நண்பனிடம் தொடர்கின்றனவா? நடுத்தரக் குறிகள் இரு ஓரங்களுக்கும் ஒதுங்குகின்றனவா? கடைசியாக, யார் எதைப் பார்த்து எழுதினார் என்பதை மறைத்து, தாள்களை மட்டும் இன்னொரு வகுப்பு மாணவனிடம் கொடுங்கள். வமிசாவளி மரத்தை அவன் கண்டுபிடிக்கிறானா என்று பாருங்கள்.

நம் நாட்டில் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு நூல்களைப் பதிப்பித்த பெரியோர்களும் பாடபேதங்களைப் பார்க்கையில் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இந்த ஏடு எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது? அடுத்த முறை யாராவது உங்களிடம், ‘இதை மூன்று புத்தகங்களில் பார்த்தேன்’ என்று சொன்னால், நீங்களும் அதைக் கேளுங்கள். அந்த மூன்றும் மூன்று சாட்சிகளா, ஒரே சாட்சியின் மூன்று நிழல்களா?